சாய்தளத்தில் ஒரு வியாழக்கிழமை

ஸ்வர்ணலதா அந்தக் கட்டடத்துக்குள் போனது வெயிலுக்குப் பயந்துதான். ஓவியம் பார்க்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. அக்காவுக்காக வாடகைக்கு எடுத்திருந்த காற்று மெத்தையை அடையாறில் மருத்துவச் சாமான் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். மந்தைவெளிப் பக்கம் போகிற பஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் ஏறியிருப்பாளா என்பது சந்தேகம்தான். வீட்டுக்குப் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அக்கா விஜயலக்ஷ்மி போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. மெத்தையைக் கொடுக்கச் சொல்லிக் கடையிலிருந்து எத்தனையோ முறை போன் செய்துவிட்டார்கள். "நாளைக்கு", "அடுத்த வாரம்" என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டே வந்தவள், இன்று காலை எழுந்ததும் என்ன தோன்றியதோ, அதைச் சுருட்டிக் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கடைக்காரப் பையன் அதை வாங்கி மூலையில் போட்டுவிட்டு, "அவ்ளோதான் மேடம்" என்றான். அவ்வளவுதான்.

முடக்குவாதம் அக்காவை நாற்பது வயதிலேயே கட்டிலில் கிடத்திவிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு மந்தைவெளி வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். ஸ்வர்ணலதாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று தட்டிப் போயிற்று. அப்புறம் பேச்சே வரவில்லை. பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை வீட்டுக்கே வந்தது. அக்காவைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, இடையில் பிழை திருத்துவது என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

அக்காவுக்குக் கை கால்தான் முடங்கியதே தவிர நாக்கு முடங்கவில்லை. ஸ்வர்ணலதா காய்கறி வாங்கிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னடி பார்த்தே?" தெருமுனையில் யார் யாரோடு சண்டை, கோயில் வாசலில் புதிதாக வந்த பூக்காரி என்ன நிறப் புடவை, எதிர் பிளாட் பெண்ணைக் கொண்டுவந்து விட்டவன் காரில் வந்தானா பைக்கில் வந்தானா, எல்லாம் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் ஸ்வர்ணலதாவுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் அதை வார்த்தையாக்கி எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போதும் பார்க்கிறாள். சேர்த்து வைக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் யாரிடம் சொல்வது என்று தோன்றும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, முன்பு ஒரு கல்யாண மண்டபம் இருந்த இடத்தில்தான் அந்தக் கலைக்கூடம் எழுந்திருந்தது. அந்த வட்டாரத்து மக்களே பணம் போட்டு, இடம் கேட்டு, கட்டிக்கொண்டது. காகிதத்தைப் பலமுறை மடித்துப் பிரித்ததுபோல வெள்ளை வெளேரென்று ஒரு கூரை. மடிப்புக்கு மடிப்பு கண்ணாடி. அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போகும் நாளில் வேன் இந்த வழியாகத்தான் போகும். ஜன்னலோரம் படுத்தபடியே அக்கா, "என்னடி இது, கூரையைக் கிழிச்சு வச்சிருக்கான்? மழை பெஞ்சா ஒழுகாதா?" என்பாள்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் சட்டையில் தங்கவேல் என்று பெயர் தைத்திருந்தது. தயங்கி நின்றவளைப் பார்த்ததும் அவரே கூப்பிட்டார்.

"இன்னா மேடம், வெய்யில்ல நின்னுக்கினு? உள்ள போங்க. டிக்கெட்லாம் கெடயாது. தண்ணி அந்தாண்ட கீது."

உள்ளே கால் வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். வெளியே கண்ணைக் குத்திக்கொண்டிருந்த அதே வெயில் உள்ளே வேறு ஒன்றாக மாறியிருந்தது. உயரத்தில், கூரையின் மடிப்புகளிலிருந்து வெளிச்சம் சுவர் வழியாக வழிந்து இறங்கியது. சூடு இல்லை, கூச்சமும் இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. ஆனால் எந்த மூலையிலும் இருட்டில்லை. கூடத்தின் நடுவே ஒரு புங்க மரம். மரத்தை வெட்டாமல் சுற்றிலும் கண்ணாடி வைத்துக் கட்டியிருந்தார்கள். அதன் இலை நிழல் சிமென்ட் தரையில் அசைந்துகொண்டிருந்தது. மதிய நேரம், பார்வையாளர்கள் என்று இரண்டு மூன்று பேர்கூட இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

ஒழுகவில்லை அக்கா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் சாய்தளத்தைப் பார்த்தாள். மேல் தளத்துக்குப் போகப் படிக்கட்டு எங்கே என்று தேடினாள். படிக்கட்டு ஒரு ஓரத்தில் ஒதுங்கி இருந்தது. கூடத்தைச் சுற்றிச் சுவரோடு சுவராக, மெல்ல மெல்ல உயர்ந்து மேலே போகிற அகலமான சாய்தளம்தான் முக்கியமான வழி. தெருவிலிருந்து உள்ளே வரவும் ஒரு படிகூட ஏறவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வாசலிலிருந்து அந்தக் கூரையின் அடிவரை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். எத்தனை தடவை இந்த வழியாகப் போனோம்! உள்ளே படி இருக்கும், நமக்கெல்லாம் ஆகாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஒருநாளும் இறங்கிக் கேட்டதில்லை.

மரத்தைப் பார்த்தபடி போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க."

திரும்பினாள். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சக்கர நாற்காலியின் பின்னால் நின்றிருந்தாள். பச்சைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டிருந்தாள். முகம் வியர்த்துக் கிடந்தது. நாற்காலியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர்; வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை மடியில் செத்துக் கிடந்தது.

"நான் மஹ்விஷ். இவர் என் வீட்டுக்காரர், நூர் முஹம்மது. பக்கத்துத் தெருவுல வியாழக்கிழமை வியாழக்கிழமை பிஸியோதெரபிக்கு வருவோம், இன்னிக்கு டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவாராம். வெயில்ல எங்க போறதுன்னு இங்க வந்துட்டோம். ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துக்கிறீங்களா? பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"சேரை லாக் பண்ணிருக்கேன். பேச்சு வராது இவருக்கு. ஆனா நாம பேசறது எல்லாம் புரியும்க்கா." கணவர் பக்கம் குனிந்து உர்துவில் ஏதோ சொன்னாள்.

"அச்சா" என்றார் அவர்.

"அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு மஹ்விஷ் வேகமாகப் போய்விட்டாள்.

முதலில் ஸ்வர்ணலதா சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. அவருடைய வலது கால் மிதியிலிருந்து நழுவித் தரையில் உரசிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து வந்த வெயில் பட்டை நகர்ந்து நகர்ந்து அவர் கண்ணுக்கே வந்துவிட்டது. அவர் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். கடைவாயில் எச்சில் கோத்திருந்தது. அவள் எழுந்தாள்.

"காலை எடுத்து வைக்கட்டுமா?"

"அச்சா."

காலை எடுத்து வைத்தாள். பிரேக்கை விடுவித்து நாற்காலியை நிழலுக்குத் திருப்பினாள். கைக்குட்டையை எடுத்துக் காட்டி, "துடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வாயைத் துடைத்தாள். ஐந்து மாதமாக எதற்கென்று தெரியாமல் இருந்த கைகள். மறக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று சங்கடமாகவும் இருந்தது.

"படத்தையெல்லாம் பார்க்கலாமா சார்? அவங்க வர்ற வரைக்கும்?"

"அச்சா!" இந்த முறை குரலில் தெம்பு இருந்தது.

சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். படங்களை வரைந்தவர்கள் பெரிய பெரிய ஓவியர்கள் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், குப்பத்துப் பிள்ளைகள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். படத்துக்கருகில் ஒட்டியிருந்த குறிப்புகள் பொடி எழுத்தில், நிற்கிறவர்களின் கண் உயரத்தில் இருந்தன. நாற்காலியிலிருந்து படிக்க முடியாது. அதனால் அவள் வாசித்துக் காட்டினாள். பழக்கதோஷத்தில் ஒரு குறிப்பில் ஒற்றுப்பிழை இருந்ததையும் சொன்னாள். வாசித்து முடித்ததும் தானாகவே பேச்சு வந்தது.

"இதைப் பாருங்களேன். வெள்ளம் வந்த வருஷமாம். பஸ் ஸ்டாண்டு கூரை மேல எருமை நிக்குது. கீழ கண்டக்டர் அதுக்கு டிக்கெட் கிழிச்சிட்டிருக்கான். அது மூஞ்சியைப் பாருங்க, சில்லறை இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் உடம்பே குலுங்கியது. "அச்சா, அச்சா" என்று இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். அடுத்த படத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போனாள். சொன்னாள். நிறம் சொன்னாள், யார் யாரை முறைக்கிறார்கள் என்று சொன்னாள், படத்தில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மாதக்கணக்கில் உள்ளே தேங்கிக் கிடந்த பேச்செல்லாம் யாரென்றே தெரியாத ஒரு மனிதரிடம் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

கூடத்தை ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்தபோதுதான் மஹ்விஷ் இன்னும் வரவில்லை என்பது உறைத்தது. இலை நிழல் தரையில் எங்கோ தள்ளிப் போயிருந்தது. அவருடைய பார்வையும் வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது. தலைசுற்றி விழுந்துவிட்டாளோ?

தங்கவேலுவிடம் போய்க் கேட்டாள்.

"பச்சத் துப்பட்டா போட்ட அம்மாவா? பாத்ரூம் இதோ இங்கதான மேடம் கீது. அவங்க அப்பவே வெளிய வந்துட்டாங்க. மேல ஏறிப் போனாங்க."

"மேலயா?"

"ஆமா. ரொம்ப நேரம் ஆச்சு."

அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லை. "வாங்க சார், நாமளே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று நாற்காலியைச் சாய்தளத்தில் ஏற்றினாள். பார்க்க மெல்லிய ஏற்றமாகத் தெரிந்தாலும் ஆள் நல்ல கனம். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. மேலே போகப் போக வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. கூரைக்கு நேர் கீழே வந்தபோது சுவர், தரை, அவளுடைய கை, அவருடைய நரைத்த தலை எல்லாமே அந்த வெளுப்பில் நனைந்திருந்தன.

மேல் தளத்து அறைக்குக் கதவு இல்லை. உள்ளே ஒரு படம்கூட இன்னும் மாட்டவில்லை. வெறும் வெள்ளைச் சுவர்கள். அதில் ஒரு சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் மஹ்விஷ். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். துப்பட்டா தோளில் கிடந்தது. கையில் போன் இல்லை. தூங்கவும் இல்லை, அழவும் இல்லை. முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பார்த்த அந்த வியர்த்த முகம் எங்கே போயிற்றோ. பத்து வயது குறைந்தவள்போல இருந்தாள்.

கூப்பிடலாம் என்று ஸ்வர்ணலதா வாயைத் திறந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளப் பார்த்தாள்; அது அசையவில்லை. குனிந்து பார்த்தாள். நூர் முஹம்மதுவின் இடது கை சக்கரத்தை இறுகப் பற்றியிருந்தது. அவரும் பார்த்துவிட்டார். கையை எடுத்து, ஒரு விரலை உதட்டில் வைத்தார். பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். இறங்கிவிடலாம்.

அந்த ஒரு வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லை.

நாற்காலியைச் சத்தமில்லாமல் திருப்பி, பின்பக்கமாகவே அடி அடியாக இறக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். பார்த்திருந்தால் அவளாலும் தாங்கியிருக்க முடியாது.

கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேஷன் கடைக்குப் போகிறேன், பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லஸ் பக்கத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றும் செய்ய மாட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் தன்னைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் இருப்பாள். திரும்பி வந்ததும் அக்கா, "என்னடி, கூட்டமா?" என்பாள். "சரியான கூட்டம்க்கா" என்பாள் இவள். அந்த நாட்களில் மட்டும் அக்கா யாரைப் பார்த்தாய், என்ன புடவை என்று ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "அவசரப்பட்டு ஓடி வராதேடி. நான் எங்க போயிடப்போறேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். குத்திக்காட்டுகிறாள் என்று ஸ்வர்ணலதா அப்போது மனதுக்குள் கோபப்பட்டிருக்கிறாள்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நூர் முஹம்மது அவள் பக்கம் பார்த்து, "அச்சா?" என்றார். கேள்வியாக.

"ஒண்ணுமில்ல சார்" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மஹ்விஷ் இறங்கி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். துப்பட்டா பழையபடி தலையில் இருந்தது. "மன்னிச்சுக்கோங்க அக்கா, பாத்ரூம்ல ஒரே கூட்டம்" என்றாள். ஈ காக்கை இல்லாத கூடத்தை மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவாயில்லம்மா. நாங்க படம் பார்த்துட்டு இருந்தோம்."

"தொந்தரவு குடுத்தாரா?"

"அதெல்லாம் இல்ல. நல்லா சிரிச்சாரு."

"சிரிச்சாரா?" மஹ்விஷ் கணவரைப் பார்த்தாள். அவர் எருமைப் படத்தின் பக்கம் கையைக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஸ்வர்ணலதாவிடம் கேட்டாள்: "நீங்க யார்கூட வந்தீங்கக்கா?"

"தனியாத்தான் வந்தேன்."

"வீட்ல?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

மஹ்விஷ் ஒரு கணம் அவளையே பார்த்தாள். "கொடுத்து வச்சவங்க" என்றாள். பொறாமை இல்லாமல், மனசாரச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்வர்ணலதாவுக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று மஹ்விஷுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் ஸ்வர்ணலதா சிரித்தாள். நாற்காலி வாசல் பக்கம் திரும்பியதும்தான் அவளுக்குப் பதற்றமாகிவிட்டது. பின்னாலேயே போனாள்.

"நீங்க வியாழக்கிழமை வியாழக்கிழமைதானே வருவீங்க? நானும் வரேனே. மந்தைவெளிதான், பக்கம். நீங்க பாட்டுக்கு மேல போய் உட்காருங்க. நான் சாரைப் பார்த்துக்கறேன். எனக்கு வேலைன்னு ஒண்ணும் இல்ல. எங்க அக்காவை நான்தான்..."

வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மஹ்விஷின் கை நாற்காலிப் பிடியில் இறுகியதை அவள் பார்த்தாள். மேலே உட்காருங்கள் என்று சொன்னதைக் கேட்டதும் அந்த முகம் சிவந்துவிட்டது.

"பார்க்கலாம்க்கா" என்றாள் மஹ்விஷ் தலையைக் குனிந்தபடி. "ரொம்ப தேங்க்ஸ்."

போன் நம்பர் கேட்கவில்லை. கொடுக்கவும் இவளுக்கு வாய் வரவில்லை. தங்கவேல் முன்னால் ஓடிப்போய் ஆட்டோக்களைக் கைகாட்டி நிறுத்தி, நாற்காலி தெருவைக் கடக்க வழி செய்தார். எதிர்ப் பக்கம் போனதும் நூர் முஹம்மது இடது கையை மட்டும் உயர்த்தினார். அவர் வாய் அசைந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஸ்வர்ணலதா காலையிலேயே தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போனாள். மாலை சாத்தும்வரை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் போனாள்.

"அந்த வீல்சேர் சாரா? வர்லயே மேடம்" என்றார் தங்கவேல். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வேற டாக்டரு யாராவது பாத்திருப்பாங்க. வூட்டாண்டயே வந்து பண்றவங்கள்லாம் இப்ப நெறய கீறாங்க" என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

இருக்கலாம். அல்லது மேலே உட்கார்ந்திருந்ததை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்ற கூச்சத்தில் மஹ்விஷ் இந்தப் பக்கமே வராமல் இருக்கலாம். அப்படியானால் ஒண்டி உட்கார அவளுக்குக் கிடைத்த ஒரே இடத்தையும் தான்தான் பறித்துவிட்டோம் என்று தோன்றியபோது ஸ்வர்ணலதாவுக்குப் பெரும் துக்கமாக இருந்தது. ஒரு வாக்கியத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

அன்று அவள் பெஞ்சில் உட்காரவில்லை. சாய்தளத்தில் ஏறினாள். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள். மேல் அறையில் இப்போது படங்கள் மாட்டிவிட்டார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் படங்களுக்கு முன்னால் நின்று தங்களையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மஹ்விஷ் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முதுகுக்குச் சுவர் இதமான சூட்டில் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் மேகம் நகரும்போது அறை மங்கியது, விலகியதும் பளிச்சென்றது. மஹ்விஷுக்கு இங்கே கிடைத்தது என்னவோ அது தனக்கும் கிடைக்குமா என்று காத்திருந்தாள். கிடைக்கவில்லை. வெளிச்சம்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சுவர் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சாம்பலாகும்வரை அங்கேயே இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது பசித்தது. சமைத்து வைத்த ரசம் வீட்டில் இருந்தது. அக்கா இருந்தவரை வெளியே உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பார்சல்தான், அதுவும் ஓட்டமும் நடையுமாக. இன்று பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்து, முனையில் இருந்த ஓட்டலுக்குள் போனாள். உள்ளே எல்லா மேஜையிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒரு குழந்தை சாம்பாரைக் கொட்டிவிட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தது. நடு வழியில் அவள் நிற்பதைப் பார்த்துப் பரிமாறுகிறவர் ஓடிவந்தார்.

"எத்தன பேர் மேடம்?"

"ஒருத்தர்தான்" என்றாள் ஸ்வர்ணலதா.

அவர் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள்.